தரமிட்ட காமிக்ஸைத் தபாலில் அனுப்பப் போகிறீர்களா? பெட்டியை ஒட்டும் முன் படியுங்கள்

பார்சலைக் கையில் வாங்கிய நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. லேசாகச் சாய்த்தபோது உள்ளே ஏதோ சரிந்து, பெட்டியின் சுவரில் ‘டொக்’ என்று மோதியது. வந்திருந்தது அமேசிங் ஸ்பைடர்மேன் 300-ஆம் இதழ். 1988 மே மாதத் தேதியிட்டது, ஸ்பைடர்மேனின் எதிரியான வெனம் முழு உருவில் வரும் முதல் கதை. தரமிடும் நிறுவனம் பத்துக்கு 9.6 என்று மதிப்பிட்டு, பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தந்த இதழ். மூன்று மாதம் பணம் சேர்த்து வாங்கியது. பிரித்துப் பார்த்தால் பிளாஸ்டிக் கூட்டின் கீழ் மூலை உடைந்து, கற்கண்டுத் துகள்களைப் போலச் சிதறிக் கிடந்தது. கூடு போனால் போகட்டும், மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உள்ளே, இதழின் வலது கீழ்முனையில், விற்பனைப் படத்தில் இல்லாத ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. மை உதிர்ந்து காகிதம் தெரிந்தது. கடுகளவுதான். அந்தக் கடுகளவுக்குத்தான் இந்தச் சந்தையில் விலையே.

அனுப்பியவர் மோசக்காரர் இல்லை. பேசியபோது உண்மையாகவே வருந்தினார், பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பியும் கொடுத்தார். ‘அதுதான் கெட்டியான கூட்டுக்குள் இருக்கிறதே, அதற்கு மேல் என்ன ஆகிவிடும்’ என்று நினைத்து, ஒரே ஒரு சுற்று பபிள் ராப் சுற்றி, பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார். முதல்முறை அனுப்புகிற பலரும் செய்வது இதுதான். அன்றிலிருந்து இன்றுவரை நான் வாங்கியதும் விற்றதுமாகப் பல பார்சல்களைக் கட்டியும் பிரித்தும் பார்த்துக் கற்றதை இங்கே எழுதுகிறேன். தரமிடும் தொழில் அமெரிக்காவை மையமாகக் கொண்டது என்பதால் அஞ்சல் விதிகளும் பெட்டி அளவுகளும் அந்த நாட்டுக்குரியவை.

கூடு எதைக் காக்கும், எதைக் காக்காது

2000-ஆம் ஆண்டில் தொடங்கிய சி.ஜி.சி. நிறுவனம், புளோரிடா மாநிலத்தின் சரசோட்டாவிலிருந்து இயங்குகிறது. இதழை ஆராய்ந்து 0.5 முதல் 10.0 வரை மதிப்பெண் கொடுத்து, உடைக்காமல் திறக்க முடியாத பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துத் தருவார்கள். 2014-இல் வந்த சி.பி.சி.எஸ். நிறுவனமும் இதையே செய்கிறது. அந்தக் கூட்டைத்தான் சேகரிப்பாளர்கள் ஸ்லாப் என்கிறார்கள். இதழ் முதலில் ஒரு மெல்லிய ஒளிபுகும் உறைக்குள் போகும். அந்த உறை கடினமான வெளிக்கூட்டுக்குள் போகும். மேலே பட்டையில் தரமும் சான்று எண்ணும் இருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இதழை உள்ளே யாரும் ஒட்டி வைப்பதில்லை. ஒட்டினால் அது கெட்டுவிடும். உறைக்குள் மயிரிழை அளவு இடைவெளியோடுதான் அது உட்கார்ந்திருக்கிறது. ஸ்லாப் விரல் ரேகையிலிருந்து காக்கும், ஈரக் கையிலிருந்து காக்கும், குழந்தை பக்கத்தைப் புரட்டிக் கிழிப்பதிலிருந்து காக்கும். கீழே விழும் அதிர்ச்சியிலிருந்து காக்காது. ஸ்லாப் நின்றுவிட்ட பிறகும் உள்ளே இருக்கும் காகிதம் ஒரு கணம் நகர்ந்துகொண்டிருக்கும். திடீரென்று பிரேக் போட்ட பஸ்ஸில் நின்றுகொண்டிருப்பவர் முன்னே சாய்வதைப் போலத்தான். அந்த நகர்வில் அட்டையின் முனை உறையின் ஓரத்தில் இடித்து மடங்கும், அல்லது உள்பக்கங்கள் அட்டையை விட்டு வெளியே தள்ளிக்கொண்டு வரும். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதற்கு ‘ஷேக்கன் காமிக் சிண்ட்ரோம்’ என்று பெயரே வைத்திருக்கிறார்கள். பட்டையில் 9.8 என்று அச்சிட்டிருக்கும், உள்ளே இருப்பது 9.8 ஆக இருக்காது. 9.8-க்கும் 9.6-க்கும் நடுவே விலை பாதியாக இறங்கும் இதழ்கள் உண்டு என்பதை நினைத்தால் இது எவ்வளவு பெரிய நட்டம் என்று புரியும்.

ஆகவே நீங்கள் தடுக்க வேண்டியது இரண்டு அசைவுகளை. பெட்டிக்குள் ஸ்லாப் அசையக் கூடாது. பெட்டி விழுந்தால் அந்த அடி ஸ்லாபுக்குப் போய்ச் சேருவதற்குள் மெதுவாகிவிட வேண்டும். இனி வரும் ஒவ்வொரு படியும் இந்த இரண்டில் ஒன்றுக்காகத்தான்.

வாங்கி வைக்க வேண்டியவை

ஒரு ஸ்லாப் ஏறத்தாழ 8 அங்குல அகலம், 13 அங்குல நீளம், அரை அங்குலக் கனம். நான் பயன்படுத்துவது இரண்டு பெட்டிகள். உள்பெட்டி 14 × 10 × 2 அங்குலம். வெளிப்பெட்டி 18 × 14 × 6 அங்குலம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்றை மற்றொன்றின் நடுவில் வைத்தால் ஆறு பக்கமும் சரியாக 2 அங்குலம் மிஞ்சும். அந்த 2 அங்குலம்தான் உயிர்.

வெளிப்பெட்டியை இன்னும் பெரிதாக வாங்கினால் என்ன என்று தோன்றலாம். அமெரிக்க அஞ்சல் துறையில் பெட்டி ஒரு கன அடியை, அதாவது 1,728 கன அங்குலத்தைத் தாண்டினால், எடைக்குப் பதிலாகப் பருமனை வைத்துக் கட்டணம் போடுவார்கள். 18 × 14 × 6 என்பது 1,512 கன அங்குலம், வரம்புக்குள் இருக்கிறது. உயரத்தை 8 அங்குலமாக்கினால் 2,016 ஆகிவிடும். அந்த இரண்டு அங்குலத்துக்காகக் கட்டணம் வெகுவாக ஏறுவதைப் பலர் தபால் நிலையக் கவுண்டரில் நிற்கும்போதுதான் அறிகிறார்கள்.

இவை தவிர, ஸ்லாப் அளவுக்கான மெல்லிய பிளாஸ்டிக் பை, சிறு குமிழி பபிள் ராப், பெருங்குமிழி பபிள் ராப், பழைய பெட்டிகளிலிருந்து வெட்டிய நெளி அட்டைத் துண்டுகள், 2 அங்குல பேக்கிங் டேப், சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் ஓரத்தில் ஒட்டும் நீல டேப். நீல டேப் எதற்கு என்று கீழே சொல்கிறேன். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பழைய பெட்டியை மறுபடி பயன்படுத்தலாமா? உள்பெட்டியாக, தாராளமாக. வெளிப்பெட்டி புதிதாக இருக்கட்டும். ஒருமுறை பயணம் போய்வந்த அட்டையின் மூலைகள் தளர்ந்திருக்கும், அடி முதலில் விழுவது மூலையில்தான். பிரயாரிட்டி மெயில் என்ற விரைவுச் சேவைக்காக அஞ்சல் துறை இலவசமாகத் தரும் பெட்டிகளை அந்தச் சேவைக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். உட்புறத்தை வெளியே திருப்பி வேறு சேவையில் அனுப்புவது விதிமீறல். அவற்றில் நடுத்தர அளவு ஃபிளாட் ரேட் (ஒரே கட்டணப்) பெட்டி ஒன்றில் ஸ்லாப் உள்ளே போகும் என்பது உண்மை. ஆனால் நீளவாக்கில் இரு முனையிலும் விரல் நுழையும் இடம்கூட இருக்காது. அதில் அனுப்பிப் பத்திரமாகப் போய்ச்சேர்ந்த கதைகளைப் பலர் சொல்வார்கள். விலை குறைந்த இதழுக்குச் சரி, நல்ல இதழுக்கு நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

முதல் வேலை: படம் எடுப்பது

டேப்பைக் கையில் எடுக்கும் முன் கைபேசியை எடுங்கள். ஸ்லாபின் முன்புறம், பின்புறம், நான்கு மூலைகள், சான்று எண் தெரியும்படி மேல்பட்டை, இதழின் நான்கு முனைகள் நெருக்கத்தில். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் எடுத்தால் பிளாஸ்டிக்கில் உள்ள கீறலும் விரிசலும் தெளிவாகத் தெரியும். பிறகு பொதி கட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு படம். இழப்பீடு கேட்க நேர்ந்தால் ‘நான் நன்றாகத்தான் கட்டினேன்’ என்ற வாய்ச்சொல் போதாது.

சுற்றுவது

ஸ்லாபை மெல்லிய துணியால் துடைத்துவிட்டுப் பிளாஸ்டிக் பைக்குள் போடுங்கள். பபிள் ராப் நேரடியாக ஸ்லாபின் மேல் படக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் பல மணி நேரம் அழுந்திக் கிடந்தால் குமிழிகளின் வட்டத் தடம் பிளாஸ்டிக்கில் பதிந்துவிடும். பையின் வாயை மடித்து நீல டேப்பால் ஒட்டுங்கள். காரணம் எளிது: அது பசை விடாமல் உரிந்துவரும். வாங்குபவர் கத்தியை எடுக்கத் தேவையிருக்காது. பேக்கிங் டேப்பை ஸ்லாபின் மேலேயே ஒட்டி வந்த பார்சல்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதற்குள் கூடு கீறிப்போகும்.

அடுத்து சிறு குமிழி பபிள் ராப்பில் இரண்டு சுற்று. குமிழிகள் ஸ்லாபைப் பார்த்தபடி இருக்கட்டும். நீளவாக்கில் ஒரு சுற்று சுற்றினால் அடுத்ததை அகலவாக்கில் சுற்றுங்கள், அப்போதுதான் நான்கு ஓரமும் மூடும். இறுக்கிக் கட்டாதீர்கள். இறுக்கினால் காற்று நசுங்கி, குமிழிக்கு வேலையே இல்லாமல் போய்விடும். மூலைகள் நான்கிலும் ஒரு சிறு துண்டு பபிள் ராப்பைத் தொப்பி போல மடித்து வையுங்கள். ஸ்லாப் எப்போதும் மூலையில்தான் முதலில் உடைகிறது.

பிறகு அட்டைச் சாண்ட்விச். நெளி அட்டையில் 13¾ × 9¾ அங்குல அளவில் நான்கு துண்டுகள் வெட்டுங்கள், உள்பெட்டிக்குள் சரியாக அமரும் அளவு அது. நெளி அட்டையை விளிம்பில் பார்த்தால் வரிவரியாகக் குழல் போலத் தெரியும் அல்லவா, அந்த வரிகளின் போக்கில் அட்டை சுலபமாக மடியும், குறுக்கே மடியாது. ஆகவே இரண்டு துண்டுகளை ஒன்றன் வரி நீளவாக்கிலும் மற்றொன்றன் வரி அகலவாக்கிலும் வரும்படி சேர்த்து ஒட்டுங்கள். எந்தப் பக்கமும் வளையாத பலகை கிடைத்துவிடும். இதேபோல இன்னொன்று. சுற்றிய ஸ்லாபை ஒன்றின் நட்டநடுவில் வைத்து, நகராதபடி டேப்பால் பிடித்து, மேலே மற்றதை வைத்து நான்கு புறமும் ஒட்டுங்கள். அட்டையின் விளிம்பு ஸ்லாபைவிட நான்கு பக்கமும் வெளியே நீண்டிருக்க வேண்டும். பெட்டியின் சுவரில் அந்த விளிம்புதான் இடிக்கும், ஸ்லாப் இடிக்காது.

இதை உள்பெட்டியில் வைத்தால் பெரும்பாலும் கச்சிதமாக அமர்ந்துவிடும். மேலே கொஞ்சம் இடம் இருந்தால் பபிள் ராப்பை ஒரு மடிப்பு வைத்து நிரப்புங்கள். மூடி ஒட்டுங்கள். இப்போது இரு கையாலும் பிடித்துக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள், சந்தையில் தேங்காய் வாங்கும்போது செய்வோமே அதே மாதிரி. தேங்காய்க்குச் சத்தம் கேட்டால் வாங்குவோம். இதற்குச் சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்ட வேண்டும்.

பெட்டிக்குள் பெட்டி

வெளிப்பெட்டியின் அடியில் பெருங்குமிழி பபிள் ராப்பை மடித்து 2 அங்குல மெத்தை அமையுங்கள். உள்பெட்டியை நடுவில் வைத்து, நான்கு பக்கச் சந்திலும் அதையே சுருட்டிச் செருகுங்கள். மேலேயும் 2 அங்குலம். மூடும்போது மடல்கள் மெலிதாக எதிர்த்து அழுந்த வேண்டும். தொய்வாக மூடினால் நிரப்பியது போதவில்லை. மூடவே மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் அதிகமாகிவிட்டது.

எதை வைத்து நிரப்பக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேர்க்கடலை வடிவத் தெர்மோகோல் துண்டுகள் பயணத்தில் குலுங்கக் குலுங்க ஓரம் ஒதுங்கிவிடும், கனமான பெட்டி மெல்ல அடிக்கு இறங்கிவிடும். காற்றுத் தலையணைகள் ஒன்று வெடித்தால் அந்தப் பக்கம் முழுவதும் காலி. செய்தித்தாள் ஒருமுறை அமுங்கினால் திரும்ப எழாது. கெட்டியான பழுப்புத்தாளை நன்றாகக் கசக்கி அடர்த்தியாகத் திணித்தால் மட்டும் பரவாயில்லை.

பெட்டியை ஒட்டும்போது நடுப்பிளவில் ஒரு வரி டேப் போதாது. இரு முனை ஓரங்களிலும் ஒட்டி, மேலிருந்து பார்த்தால் கிடத்திய ‘எச்’ எழுத்துப் போல வர வேண்டும். அடியிலும் அப்படியே. மடல்களை மூடுவதற்கு முன் இரண்டு காரியம்: பெறுபவர் முகவரியும் உங்கள் முகவரியும் எழுதிய தாள் ஒன்றை உள்ளே போடுங்கள், வெளி லேபிள் கிழிந்துபோனால் அதுதான் பார்சலைக் காப்பாற்றும். அடுத்து, மடல்களுக்கு நேர் கீழே ஒரு வெற்று அட்டையைப் படுக்க வையுங்கள். வாங்கியவர் ஆவலில் கத்தியை ஆழமாக இறக்கினாலும் அது அட்டையில் நின்றுவிடும்.

‘உடையும் பொருள்’ என்று பெட்டியில் எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அஞ்சல் பிரிப்பு நிலையங்களில் பெட்டிகள் ஓடும் பட்டை ஒன்றிலிருந்து இன்னொரு பட்டைக்குச் சரிந்து விழுகின்றன. அங்கே நின்று வாசிக்க யாரும் இல்லை. மூன்றடி உயரத்திலிருந்து விழும் என்று எண்ணியே கட்டுங்கள். ‘காமிக்ஸ்’ என்றோ ‘மதிப்புள்ளது’ என்றோ வெளியில் எழுதவே வேண்டாம், அது திருடனுக்கு எழுதும் கடிதம்.

புதியவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், வெட்கப்படாமல் செய்யுங்கள். ஒரு டாலர் கடையில் கண்ணாடி போட்ட போட்டோ பிரேம் வாங்குங்கள். அதை ஸ்லாப் என்று வைத்துக்கொண்டு மேலே சொன்னபடி கட்டுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடுங்கள். எட்டு மூலைகளிலும் ஒவ்வொரு முறை, தட்டையாக இரண்டு முறை. பிரித்துப் பாருங்கள். கண்ணாடி முழுதாக இருந்தால் உங்கள் கை தேறிவிட்டது. என் முதல் முயற்சியில் கண்ணாடி ஒரு மூலையிலிருந்து குறுக்கே விரிந்திருந்தது. பக்கச் சந்துகளில் நான் பபிள் ராப்பைச் சுருட்டாமல் தட்டையாகச் செருகியிருந்தேன், அவ்வளவுதான் குறை. ஓர் உண்மையான இதழை இழந்து கற்பதைவிட ஒரு டாலரில் கற்பது நல்லது.

ஒன்றுக்கு மேல் இருந்தால்

ஒவ்வொரு ஸ்லாபுக்கும் தனிப் பை, தனிச் சுற்று. இரண்டு ஸ்லாப்கள் ஒன்றோடொன்று உரசும்படி ஒரே பபிள் ராப்பில் சுற்றாதீர்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நெளி அட்டை இருக்கட்டும். ஒரு ஸ்லாப் முக்கால் பவுண்டிலிருந்து ஒரு பவுண்டு வரை எடையிருக்கும், நான்கு சேர்ந்தால் செங்கல். கனம் கூடக்கூட விழும் வேகத்தில் மெத்தை அமுங்கும் ஆழமும் கூடும். அதனால் ஒரு பெட்டியில் நான்குக்கு மேல் நான் வைப்பதில்லை. உள்பெட்டியின் உயரத்தையும் வெளிப்பெட்டியின் உயரத்தையும் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்போது ஒரு கன அடி வரம்பைத் தாண்டும், அந்தச் செலவைத் தவிர்க்க வழியில்லை.

எந்தச் சேவையில் அனுப்புவது

முதலில் ஒரு பொறியைச் சொல்கிறேன். அமெரிக்க அஞ்சல் துறையில் புத்தகங்களுக்கென்று மீடியா மெயில் என்ற மலிவான சேவை இருக்கிறது. காமிக்ஸும் புத்தகம்தானே என்று புதியவர்கள் அதில் அனுப்பிவிடுகிறார்கள். காமிக்ஸ் இதழ்களில் விளம்பரங்கள் இருப்பதால் அவை அந்தச் சேவைக்குத் தகுதியற்றவை என்று அஞ்சல் துறையே தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்தச் சேவையில் போகும் பார்சலைத் திறந்து பார்க்கும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. கட்டணம் போதவில்லை என்று திரும்பி வரும், அல்லது வாங்குபவர் தலையில் விழும். அதைவிட முக்கியம், நீங்கள் பொத்திப்பொத்திக் கட்டியதை வேறொருவர் பிரித்து மறுபடி மூடியிருப்பார்.

பெரும்பாலான இதழ்களுக்குப் பிரயாரிட்டி மெயில் பொருத்தம். கொஞ்சம் மெதுவாகப் போனால் போதும் என்றால் 2023 ஜூலையில் வந்த கிரவுண்ட் அட்வான்டேஜ். இரண்டிலும் 100 டாலர் வரை காப்பீடு சேர்ந்தே வருகிறது, கூடுதல் பணம் கட்டி 5,000 டாலர் வரை உயர்த்தலாம். இதழின் விலைக்குச் சமமாகக் காப்பீடு எடுங்கள், ஒரு டாலர்கூடக் குறைக்காதீர்கள். ஈபேயில் விற்றால் 750 டாலரும் அதற்கு மேலும் உள்ள பார்சலுக்குப் பெறுபவரின் கையொப்பம் வாங்கும் சேவை இல்லாமல் விற்பனையாளருக்குப் பாதுகாப்பு கிடைக்காது. நான் 300 டாலரைத் தாண்டினாலே கையொப்பம் கேட்டுவிடுவேன். வாசலில் வைத்துவிட்டுப் போன பார்சல் காணாமல் போனால் யாரைக் கேட்பது?

தனியார் கூரியர்களில் பார்சலின் மதிப்பை எழுதிக் கொடுக்கும் வசதி உண்டு. அதைக் காப்பீடு என்று நினைத்துவிடாதீர்கள், அவர்களே அப்படி இல்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சேகரிப்புப் பொருள்களுக்கு என்ன வரம்பு என்று அவர்களுடைய விதிப்பட்டியலைப் படித்த பிறகே கொடுங்கள்.

விலை ஆயிரக்கணக்கில் ஏறினால் ரிஜிஸ்டர்ட் மெயில். கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் கையொப்பம், பூட்டிய இடத்தில் வைப்பு, 50,000 டாலர் வரை காப்பீடு. 1958 நவம்பரில் நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன் புகழ்பெற்ற ஹோப் வைரத்தை நியூயார்க்கிலிருந்து வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பியது பழுப்புத்தாளில் சுற்றிய சாதாரணப் பெட்டியில், இதே ரிஜிஸ்டர்ட் தபாலில்தான். மொத்தம் 145 டாலர் 29 சென்ட் கட்டினார். அதில் தபால் கட்டணம் 2 டாலர் 44 சென்ட், மிச்சமெல்லாம் காப்பீடு. இந்தச் சேவையில் போகும் பெட்டிக்குப் பளபளக்கும் பிளாஸ்டிக் டேப் கூடாது. ஈரப்படுத்தி ஒட்டும் காகித டேப்பால் எல்லா இணைப்புகளையும் மூட வேண்டும், இணைப்புகளின் மேல் விழும் முத்திரை மை அதில்தான் ஊறி நிற்கும். தெரியாமல் பிளாஸ்டிக் டேப் ஒட்டிக்கொண்டு போனால் கவுண்டரிலேயே திருப்பிவிடுவார்கள். பார்சல் போய்ச்சேர இரண்டு வாரம்கூட ஆகலாம் என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நாளும் பொழுதும்

திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் வாரக் கடைசி முழுவதும் ஏதோ ஒரு கிடங்கில் கிடக்கும். அரிசோனாவின் ஜூலை மாத வண்டிக்குள் இருக்கும் வெப்பமும் காகிதத்துக்குப் பகை, சிகாகோவின் ஜனவரிக் குளிரும் பிளாஸ்டிக்குக்குப் பகை. குளிரில் விறைத்த கூடு சின்ன அடிக்கும் விரிசல் விடும். கடுங்குளிரில் வந்த பெட்டியை உடனே திறக்காமல் மூன்று நான்கு மணி நேரம் வீட்டு அறையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். சில்லென்ற பிளாஸ்டிக்கில் அறைக்காற்றின் ஈரம் முத்துமுத்தாகப் படியும்.

தபால் நிலையத்தில் கவுண்டரில் நேரில் கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். தபால்பெட்டியில் போட்டுவிட்டு வருவது வேண்டாம்.

தரமிட அனுப்பும்போது

கூட்டில் அடைக்காத இதழைத் தரமிடும் நிறுவனத்துக்கு அனுப்புவது வேறு கலை. பின்அட்டை வைத்த பையில் போட்டு, இரண்டு நெளி அட்டைகளுக்கு நடுவே வைத்து, ரப்பர் பேண்டு போடாமல் ஒட்டுங்கள். ரப்பர் பேண்டு ஓரத்தில் பள்ளம் விழச் செய்யும். பையின் மடலில் ஒட்டும் டேப்பின் நுனியை உள்நோக்கி மடித்துப் பிடி விடுங்கள். இல்லையென்றால் அங்கே இதழை உருவி எடுக்கும்போது டேப்பின் ஓரம் அட்டையின் மேல் ஒட்டி, மேல்தாளை உரித்துக்கொண்டு வரும். தரம் பார்ப்பதற்கு முன்பே தரம் குறைந்துபோகும் கொடுமை அது. மெல்லிய அட்டை மெயிலர்கள் இப்படிப்பட்ட தனி இதழ்களுக்குத்தான், ஸ்லாபுக்கு அவற்றைப் பயன்படுத்த வேண்டாம்.

வெளிநாட்டுக்கு அனுப்பும்போது

சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ அனுப்பினால் வழியில் சுங்கத்தில் திறக்கப்படலாம் என்று எண்ணியே கட்டுங்கள். திறந்தவர் திரும்ப அப்படியே வைக்க முடிகிற மாதிரி உள்பெட்டி தனியாக, ஒழுங்காக வெளியே வர வேண்டும். சுங்கப் படிவத்தில் உண்மை மதிப்பை எழுதுங்கள். வரிக்குப் பயந்து 20 டாலர் என்று எழுதிய பார்சல் உடைந்தால் 20 டாலருக்கு மேல் கேட்க உங்களுக்கு வாயிருக்காது. ஊருக்குப் போகும் உறவினரிடம் கொடுத்து அனுப்புவதானால் கைப்பெட்டியில் மட்டுமே, விமானத்தின் வயிற்றுக்குள் போகும் பெட்டியில் வேண்டவே வேண்டாம்.

பார்சல் போன பிறகு

தடம் அறியும் எண்ணோடு வாங்குபவருக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள். நான் அனுப்புவது இது: “வெளிப்பெட்டியை மேல்புறமாக மட்டும் அறுங்கள். உள்பெட்டியை எடுத்து மேசையில் வைத்துத் திறங்கள். நீல டேப்பைக் கையாலேயே உரிக்கலாம். ஏதாவது சேதம் தெரிந்தால் பெட்டி, அட்டை, பபிள் ராப் எதையும் தூக்கி எறியாமல் படம் எடுத்து அன்றே எனக்குச் சொல்லுங்கள்.”

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சேதத்துக்கு இழப்பீடு கேட்டால் அஞ்சல் துறை பொதியையும் காட்டச் சொல்லலாம். குப்பைக்குப் போன பெட்டியால் தள்ளுபடியான கோரிக்கைகள் உண்டு. அனுப்பிய நாளிலிருந்து 60 நாளுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும்.

கூடு மட்டும் விரிசல் விட்டு இதழ் நன்றாக இருந்தால் நீங்களே அதைப் பிரிக்க வேண்டாம். பிரித்த கணத்தில் சான்று செல்லாது. கூட்டை மட்டும் மாற்றித் தரும் சேவை தரமிடும் நிறுவனத்திடமே உண்டு. விரிசலின் மேல் நீல டேப்பை மெதுவாக ஒட்டி, பைக்குள் போட்டு, மேலே சொன்னபடியே கட்டி அவர்களுக்கு அனுப்புங்கள். என்னுடைய 300-ஆம் இதழை நான் அப்படித்தான் அனுப்பினேன். முனை சேதமானதை ஒளிக்காமல் எழுதி, மறுபடி தரம் பார்க்கச் சொன்னேன். 9.2 என்று திரும்பி வந்தது. இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது.